அரை மணி நேர வித்தியாசம்

பைக்கனூருக்கும் மணலிக்கும்
அரை மணி நேரம்தான் வித்தியாசம்.
மாஸ்கோ என்றால் இரண்டரை கழிக்க வேண்டும்.
இதெல்லாம் எனக்கு விரல்நுனியில்.
புருஷன் பிறந்தநாளைத்தான்
போன வருஷமும் மறந்தேன்.

ஸ்ரீஹரிகோட்டா என்றால் எங்கள் தெருவே மாடியேறும்.
குழந்தையை இடுப்பில் இடுக்கி,
காயும் வடாத்தை மிதிக்காமல் ஒதுங்கி,
வடக்கே பார்த்து நிற்கும்.
"நம்மூர் ராக்கெட் இருக்கசொல்ல
உனக்கு இன்னாத்துக்குடி ரஷ்யாக்காரன்து?"
பிலோமினாக்கா கேட்டாள்.
பதில் யோசித்தேன்.
இன்னும் வரவில்லை.

இது மட்டும் தெரியும்:
அது எரிப்பது மண்ணெண்ணெய்.
ரேஷன் கடையில் நீலச் சாயம் போட்டு
அட்டைக்கு இரண்டு லிட்டர் அளந்தார்களே,
அதற்குப் பெரியப்பா மகன்.
கேனில் சாக்பீஸால் பெயரெழுதி
வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிய நாளில்
யார் கண்டது,
எட்டே முக்கால் நிமிடத்தில்
ஓர் ஆளை அது வானத்தில் கொண்டுபோய் விடுமென்று.

அதனோடு சேர வேண்டியது திரவ ஆக்சிஜன்.
அது என் வேலை.
நைட் ஷிப்டில், பூஜ்யத்துக்குக் கீழே
நூற்று எண்பத்து மூன்று டிகிரியில்,
டேங்கர் டேங்கராக நிரப்பி அனுப்புகிறேன்,
ஆஸ்பத்திரிகளுக்கும் வெட்டுப் பட்டறைகளுக்கும்.
மே மாதத்திலும் குழாயில் பனி பூக்கும்.
டில்லிபாபு அதன்மேல் மோர் பாட்டிலைச் சாய்த்து வைப்பான்.
திட்டிக்கொண்டே எடுத்து வைப்பேன்.
ஏவுதளத்தில் நிற்கும் சோயுஸின் வயிற்றிலும்
அதே வெள்ளை, அதே பெருமூச்சு.

சொந்தக்காரர் கல்யாண வீடியோவில்போல
ஓரமாய் யார் யார் நிற்கிறார்கள் என்று தேடுவேன்.
அந்தக் குழாயைக் கழற்றியது யார்?
கை மரத்திருக்குமா?

எழுத்தை ராக்கெட்டின் விலாவிலிருந்து
நானே படித்தேன்.
ஆங்கில பி போல இருப்பது ர.
எச் போல நிற்பது ந.
கற்ற சொற்கள் மொத்தம் பதினொன்று,
எந்தக் கடையிலும் செல்லாது.
"பத்யோம்" என்றால் எழும்பியாச்சு.
சிலிண்டரைத் தோளுக்கு ஏற்றும்போது
டில்லிபாபுவும் இப்போது அதைத்தான் சொல்கிறான்,
கெட்ட வார்த்தை என்று நினைத்துக்கொண்டு.

போன வியாழன், சரக்குக் கலம். ஆளில்லை.
உள்ளே போன் கூடாது;
கேட்டுக்கு வெளியே லாரிக்காரர்களின் டீக்கடை பெஞ்சில்
இரவு ஒன்று நாற்பதுக்கு,
ஒன்பது சதவீத சார்ஜில் பார்த்தோம்.
இருபது நொடி இருக்கையில்
எல்லாம் அப்படியே நின்றது.
தீயில்லை. சத்தமில்லை.
வர்ணனைக்காரன் தொண்டையைச் செருமினான்.

"நமுத்த புஸ்வாணம்," என்றான் டில்லிபாபு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
மூன்று வருஷம் முன், கேஜ் முள் லேசாக நடுங்கியதென்று
பாதி நிரம்பிய டேங்கரை நிறுத்தினேன்.
டிரைவர் கத்தினார். சூப்பர்வைசர் மெமோ கொடுத்தார்,
காரணம்: தேவையற்ற தாமதம்.
விடிந்தபின் ஒரு வாஷரில்
மயிரிழை விரிசல் இருந்தது.
மெமோவைத் திரும்ப வாங்கவில்லை.

அங்கேயும் ஏதோ ஒரு முள் நடுங்கியிருக்கிறது.
இனி அவர்கள் மெதுவாக வடிப்பார்கள்
அத்தனை குளிரையும், தொட்டி தொட்டியாக.
யாரும் படம்பிடிக்காத வேலை.
காட்டியிருந்தால் சார்ஜ் தீரும்வரை பார்த்திருப்பேன்.

சனிக்கிழமை எழும்பியது. நான் பார்க்கவில்லை,
ஆஸ்பத்திரி டேங்கர் ஒன்று அவசரம்.

திங்கள் விடிகாலை நாலு ஐம்பத்திரண்டுக்கு
அந்தக் கலம் போய் ஒட்டிக்கொண்ட நிலையம்
எங்கள் தலைக்கு மேல் வரவேண்டும்.
டில்லிபாபுவை வெளியே இழுத்து வந்தேன்.
ரிஃபைனரிக் கொழுந்து ஆரஞ்சாய் ஆடியது.
பாதி வானம் அதன் புகையிடம் இருந்தது.

"எங்க?"
"அந்தப் பொகைக்குப் பின்னாடி."
"தெரிலயே."
"தெரியாது. போவுது."

நாலு நிமிடம்,
கழுத்து வலிக்க நின்றோம்.
பிறகு அவன்
மோர் பாட்டிலை எடுக்கப் போனான்.